முதிரை நாட்டு படலம்

வாழி ஆறுமுகநாதர்! வரைபடம் வரையும் விரலால் வனம் வளர்க்கப் புறப்பட்ட வள்ளல் வாழி! நில அளவைக் கந்தோரின் நாற்காலியில் அமர்ந்தவாறே நாட்டின் குன்றுகளையெல்லாம் காகிதத்தில் குனியவைத்தவர், கறுத்தக் குடையும் கான்வஸ் சப்பாத்தும் தரித்துப் பௌர்ணமிப் போயா விடுமுறை தோறும் காடேகுபவர், மூக்கடைத்துத் தடிமன் பிடித்த நாளிலும் தளராதவர் வாழி! மாத்தளையில் கோயில்கொண்ட முத்துமாரித் தாயே, உன் தேரோடும் வீதியிலிருந்து ஒரு பால்மாத் தகரப் பேணியில் ஒரு கன்றைச் சுமந்து அவர் நாவுலக் குன்றேறிய வீரத்தைப் பாடப் புகுந்தேன். என் நாவில் வந்து இருந்தருள்வாய். அவருடைய மூக்கில் இருந்ததை மட்டும் எனக்குத் தந்துவிடாதே.

அது போரால் வடக்கே போகும் வழி அடைபட்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மாத்தளையில் உத்தியோகம் பார்த்த நம் தலைவர் பிறந்த ஊரைக் கண்ணால் கண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன. போகமுடியாத இடத்தை நினைத்து வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து சீமெந்துத் தரையைத் தேய்த்த கால்களுக்கு, ஏறுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. ஆகவே திரட்டினார் ஒரு படை. சூட்டினார் அதற்கொரு நாமம்: மாத்தளை மாவட்ட மலையேறுவோர் வனமீட்புத் தொண்டர் பேரவை. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் பேரவையில் சிலர் இருந்தார்கள்; மலையை ஒரே மூச்சில் ஏறக்கூடியவர்கள் ஒருவரும் இல்லை.

படைக்குத் தளபதியர் இருவர். ஒருவர் சந்தைக்கருகே இரும்புக்கடை நடத்திய இத்ரூஸ். சேனையின் ஆயுதங்களாகிய மண்வெட்டிகள் யாவும் அவர் கடையிலிருந்தே இரவலாக எழுந்தருளின. மற்றவர் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த அழகமுத்து. முதற் கூட்டத்தில் ‘முதிரை நடுவோம்’ என்று தலைவர் முழங்கக் கேட்டு, பழந்தமிழில் முதிரை என்பது பயறு வகையாயிற்றே என்று தெளிந்து, அடுத்த கூட்டத்துக்கு ஒரு கிண்ணம் பயற்றை ஊறவைத்துக் கொண்டுவந்தவர். அதை எல்லாரும் அவித்துத் தின்றார்கள்.

ஆனால் தலைவர் சொன்ன முதிரை வேறு. சிங்களத்தில் புருத என்று பேர் பெற்றது. அறுத்தால் நெய் தடவியது போல் மினுங்குவது. கறையானும் மழையும் காலமும் கடிக்க முடியாத வைரம் பாய்ந்தது. இத்தனை நல்ல மரம் காட்டில் நிற்க மனிதர் விடுவார்களா? கதவாகிக் கட்டிலாகி மேசையாகி ஊரூராய்ப் போய்விட்டது. நாவுலப் பக்கத்துக் குன்றொன்றில் காய்த்துக்கொண்டு நின்ற கடைசி மரத்தையும் யாரோ அறுத்துக்கொண்டு போன அன்று, ஆறுமுகநாதர் அந்த அடிக்கட்டையின் மேல் குந்தியிருந்து மெய்யாகவே அழுதார். பிறகு வெட்டிக் கழித்த கிளைகளுக்குள் கிடந்த இறகு முளைத்த விதைகளைப் பொறுக்கிக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு வீடு வந்தார். வந்தும் அழுதார்.

அழுத இடம்தான் பிழையாய்ப் போயிற்று. அது அவருடைய மனைவி சுசீலாதேவி சீதனமாகக் கொண்டுவந்த அலுமாரிக்கு முன்னால்.

“முதிரைக்கு அழுறியள், சரி,” என்றார் சுசீலாதேவி. “அழுது முடிச்சிட்டு அந்த முதிரை அலுமாரியைத் திறந்து வேறை லேஞ்சி ஒண்டு எடுங்கோ.”

அன்று தொடங்கியது தவம். விதைத்தவற்றுள் சில முளைக்க மறுத்தன. முளைத்தவற்றுள் சிலவற்றை எறும்பு அறுத்தது, சிலவற்றை மழை அழுகவைத்தது, ஒன்றை அடுத்த வீட்டுக் கோழி ஆராய்ச்சி செய்தது. அங்கே குன்றின்மேல் பேரவையினர் அடிக்கட்டையைச் சுற்றிக் குழி பல தோண்டி வைத்துக் காத்திருக்க, இங்கே வீட்டுத் தண்ணீர்க்குழாயடியாகிய பைப்படியில், பால்மாப் பேணியில், எஞ்சி நின்றது ஒரே ஒரு கன்று. அது போனால் அந்த மரத்தின் வம்சம் அத்தோடு சரி. அதனால் அவர் அதைத் தொட்டு வளர்த்த விதத்தைப் பார்த்த அயலவர்கள், பிள்ளையில்லாத வீடு என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேர் கண்டியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி விதியின் வேலையைக் கேளுங்கள். பைப்படியில் பேணி ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் ஒரே பால்மாப் பேணி. ஒன்றில் முதிரை, மற்றதில் சுசீலாதேவி சமையலுக்கென்று வளர்த்த கறிவேப்பிலை. இரண்டும் மெல்லிய தண்டு, வரிசை வரிசையாய்ச் சிற்றிலை, ஏறக்குறைய ஒரே உயரம். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள், மூக்குக்கு மட்டுமே வேறு வேறு. அந்த மூக்குகளின் நிலையோ பரிதாபம். முதலில் சுசீலாதேவிக்குத் தடிமன். தாம்பத்திய தருமப்படி இரண்டாம் நாள் கணவருக்கும். நடுகைக்குக் குறித்த போயா தினத்து விடிகாலையில் கரண்டும் போயிருந்தது. இருளில் தும்மியவாறே பைப்படிக்குப் போன பெருமகன், கையில் அகப்பட்ட பேணியைக் கன்றோடு மார்பில் அணைத்து, திருநீறு பூசி, பஸ் ஏறினார்.

தம்புள்ளை பஸ்ஸில் இரண்டே இரண்டு இருக்கைகள் எஞ்சியிருந்தன. ஒன்றில் அமர்ந்தார் அளவைக் கோமான். யன்னலோர இருக்கையில் அமர்ந்தது பேணி. வெயிற் கதிர் இலையில் படவும் வீசுகாற்று மெல்ல வருடவும் அது வீற்றிருந்த கோலத்தை அரியணையேறிய இளவரசென்று நான் சொல்லுவேன். அடுத்த தரிப்பில் ஏறிய காத்தாயி என்னும் முதியவர் அப்படிச் சொல்லவில்லை.

“கருவேப்பிலைக்கெல்லாம் சீட்டுங்களா? கொஞ்சம் எடுங்கய்யா, காலு வலிக்குது.”

கொதித்தெழுந்தார் குணக்குன்று. எழுந்து தம் இருக்கையை அந்த அம்மாளுக்கு ஈந்தார்; கன்றின் இருக்கையை ஈயவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, பஸ் முழுதும் கேட்க அறைகூவினார்: “அறிக அனைவரும்! இது கறிவேப்பிலை அன்று. இது அழிந்துகொண்டிருக்கும் அருமரம், இது முதிரை!” அடைத்த மூக்கின் வழியே அந்தப் பேரறிவிப்பின் கடைசிச் சொல் ‘புதிரை’ என்று வெளிவந்தது.

“புதுரையோ மதுரையோ, எங்க வீட்டு ரசத்து வாசந்தாங்க வருது,” என்றார் காத்தாயி. சொன்னதோடு நில்லாமல் ஓரிலையை நுள்ளி வாயிலும் போட்டுக்கொண்டார். ஐயகோ! தலைவரின் நெஞ்சில் அம்பு தைத்தது. மறு இலைக்குக் கை நீளுமுன் குடை விரிந்தது. பஸ்ஸினுள்ளே, யன்னலுக்கும் காத்தாயிக்கும் நடுவே, விரிந்த குடையைக் கேடயமாய்ப் பிடித்து நின்றார். குடைக் கம்பி குத்தியதாக முன் இருக்கைக்காரர் மூன்று மொழியில் ஏசினார். வீரர் அசையவில்லை. இலை ஒன்று போனாலும் வம்சம் நின்றது.

வழியில் சோதனைச்சாவடி. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையை ஏந்தி, வரிசையாய் நடக்கவேண்டும். அந்நாளில் தமிழர் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் இடங்களில் அது முதலிடம். துவக்குத் தாங்கிய இளஞ்சிப்பாய் பேணியை எட்டிப் பார்த்தான், முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தான், மூச்சை இழுத்தான், சிரித்தான்.

“கரபிஞ்சா!” என்றான். கறிவேப்பிலைக்குச் சிங்களம் அது.

வேறெவராயினும் ‘ஆமாம் மாத்தயா’ என்று தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறியிருப்பார்கள். ஆறுமுகநாதரோ உண்மையின் பொருட்டு உயிரையும் பொருட்படுத்தாதவர். துவக்கின் முன் நெஞ்சு நிமிர்த்தினார்; பேணியை உயர்த்தினார்; “கரபிஞ்சா அல்ல. புருத! புருத!” என்று பிழை திருத்தினார். இந்த முறை சொல் சுத்தமாகவே வந்தது, அதில் மூக்குக்கு வேலையில்லை. சிப்பாய் பேணியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரிய மனிதர் சொன்னால் இருக்கும் என்று போகவிட்டான். அரசின் படையையே வாதில் வென்றோம் என்று அவர் மகிழ்ந்த மகிழ்ச்சி நாவுல வரைக்கும் நீடித்தது.

நாவுலவில் சேனை காத்திருந்தது. முன்னே இத்ரூஸ் தோளில் மண்வெட்டிகள். பின்னே அழகமுத்துவின் கையில் தண்ணீர்க்கலன். இடையே தொப்பி தரித்தோர், துவாய் தரித்தோர், சப்பாத்துக் கடித்து நொண்டியோர் எனத் தொண்டர் வெள்ளம். யாவர்க்கும் நடுவே, பேணியை இருகையிலும் ஏந்தி, எவர் கேட்டும் கைமாற்றாது ஏறினார் தலைவர். முள் கீறியது, கல் உருண்டது, குரங்கொன்று கிளையிலிருந்து பார்த்துத் தன் வேலைக்குத் திரும்பியது. பாதி வழியில் அழகமுத்து காற்றை முகர்ந்தார்.

“ஐயாவோட சோத்துப் பார்சல்ல தாளிப்பு வாசம் கமகமன்னு வருதுங்க.”

பார்சலில் இருந்தது வெறும் புட்டும் வாழைப்பழமும். இருந்தும் தலைவர் அந்தப் புகழ்ச்சியை மனைவியின் கைப்பக்குவத்துக்குச் சூட்டிப் புன்னகைத்தார். முதிரைக் கன்று எப்படியிருக்கும், எப்படி மணக்கும் என்று பேரவையில் அறிந்தவர் அவர் ஒருவரே. ஆகவே ஐயம் கொள்ள அங்கே யாரும் இல்லை.

நட்டார்கள். அடிக்கட்டையின் அருகே ஆகத் தடித்த நிழலில் இருந்த குழியைத் தேர்ந்து, எருவிட்டு, நீரூற்றி, எல்லாரும் தொட்ட மண்ணை எல்லாரும் இட்டு நட்டார்கள். தலைவர் பிரகடனம் செய்தார்: “அறுத்தவன் அறுக்கட்டும். நாங்கள் நடுவோம். நூறாண்டு கழித்து இந்த நிழலில் இளைப்பாறப் போகும் முகம் தெரியாத மக்களே, உங்களுக்கு எங்கள் வணக்கம்!” இரும்புக்கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். எனக்கும் இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் இத்ரூஸ் சுடுபோத்தலைத் திறந்து இஞ்சி போட்ட பிளேன்டீயை ஊற்றி நீட்டினார்.

அந்தோ, அந்த இஞ்சி! ஒரு மிடறு இறங்கியது, ஆவி ஏறியது, நெற்றி வியர்த்தது, குன்றதிர ஒரு தும்மல் எழுந்தது. பறவைகள் எழும்பிப் பறந்தன. நாலு நாளாய் அடைத்திருந்த இரட்டைக் கோட்டைக் கதவுகளும் ஒருங்கே திறந்தன. மகிழ்ச்சியோடு குனிந்து, கன்றுக்கு விடை கொடுக்க உச்சி முகர்ந்தார் உத்தமர்.

முகர்ந்தவர் நிமிரவில்லை.

“ஐயா?” என்றார் அழகமுத்து.

“என்னத்துக்கு நாதர் ஐயா இப்பிடி நிக்கிறீங்க? நெஞ்சு வலியா?” என்றார் இத்ரூஸ்.

மெல்ல எழுந்த தலைவரின் முகத்தில் இரத்தமில்லை. பஸ்ஸில் ரசத்து வாசம், சாவடியில் கரபிஞ்சா, பாதி வழியில் தாளிப்பு. மூன்று பேர் மூன்று தடவை எச்சரித்தும் கேளாத தம் செவிகளை அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “இது கறிவேப்பிலை,” என்றார்.

இத்ரூஸ் ஓரிலையைக் கசக்கி மணந்தார். “யா அல்லாஹ்,” என்றார். அழகமுத்து வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது அழுகையாலா என்பதை நான் விசாரிக்கவில்லை. ஆனால் தலைவரின் அச்சம் தமக்கு நேர்ந்த வெட்கம் பற்றியதன்று. போயா தினம். வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. மரக்கறியென்றால் பருப்பு, பருப்பென்றால் தாளிதம், தாளிதமென்றால் சுசீலாதேவி பைப்படிக்குப் போவார். அங்கே இப்போது ஒரே ஒரு பேணி நிற்கிறது. அந்த அம்மையாருக்கும் மூக்கில்லை!

“தோண்டுங்கோ!” என்று கர்ச்சித்தார். மனைவியின் கறிவேப்பிலையையும் காட்டில் விட்டுப் போனால் வீட்டில் இரண்டாம் போரொன்று மூளும் அல்லவா?

“நட்டத புடுங்குறது பாவங்கய்யா,” என்றார் அழகமுத்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு. புடுங்கினார்கள். ஏறும்போது எண்ணியெண்ணி வைத்த கால்கள் இறங்கும்போது எண்ணமே இல்லாமல் பறந்தன. தளபதியர் பின்தங்கினர், குடை பின்தங்கியது, புட்டுப் பார்சல் குரங்குக்குப் போயிற்று. வந்த பஸ்ஸுக்குக் குறுக்கே கை விரித்துப் பாய்ந்து ஏறி, மிதிபலகையில் நின்றபடி, ‘இப்போது பருப்புக் கழுவியிருப்பாள், இப்போது கொதித்திருக்கும், இப்போது தேங்காய்ப்பால் விட்டிருப்பாள்’ என்று ஒவ்வொரு மைல்கல்லிலும் மனத்தால் அடுப்படியைக் கண்டுகொண்டே வந்தார். அந்தப் பருப்பு வேகின்ற வேகத்துக்கு அந்த பஸ் ஓடவில்லை.

அதற்குள் சாவடி. அதே சிப்பாய். அதே பேணி. அவன் கண் சுருங்கியது.

“புருத?” என்றான்.

ஆறுமுகநாதர் பேணியைத் தாழ்த்தினார். “கரபிஞ்சா,” என்றார்.

“உதே புருத, தவல் கரபிஞ்சா?” காலையில் முதிரை, மதியம் கறிவேப்பிலையா என்று கேட்டான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. காலையில் ஒன்றும் மதியம் ஒன்றும் சொல்லும் தமிழனுக்குச் சாவடியில் நல்லது நடந்ததாகக் கேள்வியில்லாத காலம் அது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள். யாரோ ஓர் அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ‘ஒதுங்கி நில்’ என்று துவக்கு முனை காட்டிய இடத்தில் தலைவர் ஒதுங்கி நின்றார். பயந்தார். கன்றுக்காகவும் பயந்தார், தமக்காகவும் பயந்தார்.

பேணிக்குள் விரல்விட்டு மண்ணைத் துழாவினார்கள். மண்தான் இருந்தது. கடைசியில் தலைவர் தம் மூக்கைத் தொட்டுக் காட்டி, “ஹெம்பிரிஸ்ஸாவ,” என்றார். தடிமன் என்பதற்கு அவருக்குச் சிங்களத்தில் அந்தச் சொல் தெரிந்திருந்தது முத்துமாரியின் அருளே. மீதியைக் கையால் சொன்னார்: இரண்டு பேணி, இருட்டு, தும்மல், மலை, மனைவி, அகப்பை. சிப்பாய் முதலில் விளங்காமல் பார்த்தான். அகப்பைக்கு வந்ததும் விளங்கிவிட்டது. துவக்கு ஆட ஆடச் சிரித்தான், கூட நின்றவனைக் கூப்பிட்டுச் சொன்னான், அவனும் சிரித்தான். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, “அபே பரிப்புவட்ட டிக்கக்,” எங்கள் பருப்புக்கும் கொஞ்சம், என்று கைநீட்டினான். அவர்களுடைய முகாமிலும் பருப்புத்தான் வெந்துகொண்டிருந்தது. ஆறுமுகநாதர் கொத்துக் கொத்தாக ஒடித்துக் கொடுத்தார். எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பார்.

பிறகென்ன, மாத்தளை வந்தது. கோயிலைத் தாண்டும்போது கும்பிட ஒரு கைதான் மிச்சமிருந்தது. வீதியில் ஓடினார், படலையைத் தள்ளினார், பைப்படிக்குப் போனார்.

பேணி நின்றது. பேணியில் தண்டு நின்றது. தண்டில் இலை இல்லை.

வரும் வழியெல்லாம் ஒரு பிரகடனத்தை ஆயத்தம் செய்திருந்தார் நம் தலைவர். முதிரையின் பெருமை, மனிதரின் பேராசை, அடுப்படியின் அநீதி என்று மூன்று பிரிவாய் விரியும் அந்தப் பேருரையை முழங்க வாய் திறந்தார். உள்ளேயிருந்து சுசீலாதேவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

“என்னப்பா, வெள்ளெனவே வந்திட்டியள்? முகமெல்லாம் என்ன கோலம்? கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. எனக்கெண்டால் தடிமனிலை ஒரு மணமும் தெரியேல்லை. கறிவேப்பிலை மணக்கேல்லையே, மணக்கேல்லையே எண்டு முழுக்க ஆய்ஞ்சு பருப்புக்குள்ளை போட்டிட்டன்.” கணவர் கையிலிருந்த மற்றப் பேணியைக் கண்டார். “உதென்ன, முதிரையைத் திருப்பிக் கொண்டந்திருக்கிறியள்? நடவேல்லையே?”

தலைவர் குந்தியிருந்து தண்டின் உச்சியைத் தொட்டார். அங்கே, நகக்கண் அளவில், ஒரு பச்சைக் குருத்து இருந்தது.

“குருத்திலை நான் ஒருநாளும் கை வைக்கமாட்டன்,” என்றார் சுசீலாதேவி, அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய். “அது தளிர்த்திடும். எப்பவும் தளிர்க்கிறதுதானே.”

நாவுலக் குன்றில் நின்ற கடைசி மரத்தின் வம்சம், அறுத்தவனுக்கும் எறும்புக்கும் கோழிக்கும் தப்பி, ஒரு பெண் கறிவேப்பிலைக்குக் காட்டிய இரக்கத்தால் உயிரோடு இருந்தது. அவருக்கு அது விளங்கியது. பேருரையின் மூன்று பிரிவும் தொண்டைக்குள்ளேயே கலைந்தன. இரண்டு பேணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் இப்போது இலையில்லை. ஆளுக்கொரு குருத்து மட்டும். இரண்டையும் குனிந்து மணந்து பார்த்து, மணக்காத பேணியில் வரைபடத்துக்கு எழுதும் அழகிய எழுத்தில் ‘முதிரை’ என்று எழுதினார். பிறகு கைகழுவி, மேசையில் வந்து அமர்ந்து, மனைவி போட்ட சோற்றைக் குழைத்து உண்ணத் தொடங்கினார், மலைகளைக் குனியவைத்த மாவீரர்.

பருப்பு கசந்தது.